ரத்தத்தின் மூலம் எது?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். மூலம் என்றால் வேர், தோன்றிய இடம், முதல் காரணம். சொத்துக்கு மூலப் பத்திரம் கேட்கிறோம், ஓலைச்சுவடிக்கு மூலபாடம் தேடுகிறோம். ஆசனவாயில் வரும் ஒரு நோய்க்கும் அதே பெயர். 'மலத்தோடு ரத்தம் போகிறது' என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், கேட்பவர் அடுத்த நொடியே 'மூலமா இருக்கும்' என்கிறார். பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதன்பிறகு யாரும் கேட்பதில்லை.

என் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 மணிவரை கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவருக்கு 52 வயதில் ரத்தம் போகத் தொடங்கியது. வீட்டில் சொல்லவில்லை. கடைக்கு வரும் சிநேகிதர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். 'உடம்புச் சூடுதான், துத்தி இலையை விளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுங்க, மோர் நிறையக் குடிங்க' என்று அவர் சொன்னபடி செய்தார். ரத்தம் நின்றது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டார், நின்றது. பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த 'மூலம் பவுத்திரம்' கிளினிக்கில் பத்து நாள் மாத்திரை, அதற்கும் நின்றது. புற்றுக்கட்டியிலிருந்து கசியும் ரத்தமும் இப்படி விட்டு விட்டுத்தான் வரும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. நின்ற ஒவ்வொரு தடவையும் மருந்து வேலை செய்துவிட்டது என்றே அவர் நம்பினார்.

இப்படி 14 மாதம் போயிற்று. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 என்று வந்த பிறகுதான் அறுவை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அவர் பெரியப்பாவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரைக்கு வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: 'தம்பி, கட்டி விரலுக்கு எட்டுற தூரத்துலயே இருக்கு. இத்தனை நாளா யாருமே விரல் வச்சுப் பாக்கலையா?'

அந்தக் கேள்வி பல வருடமாக என்னை விடவில்லை. நான் மருத்துவன் இல்லை. ஆனாலும் மருத்துவ நூல்களையும் ஆய்வுகளையும் தேடிப் படிக்கவைத்தது அதுதான். படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் கட்டி அல்ல. ஆசனவாயின் உட்சுவரில் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே மெத்தை போன்ற மூன்று திசுத் திரட்சிகள் இருக்கின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்களும் தசை நார்களும் பின்னிய திசு அது. குழாய் மூடிக்குள் ரப்பர் வாஷர் இருந்து கசிவைத் தடுப்பதுபோல, வாயுவும் நீரும் கசியாமல் ஆசனவாய் இறுக மூட இவை உதவுகின்றன. கால் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் போன்ற நரம்பு வீக்கமே மூலம் என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியிருந்தது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் தாம்சன் உடற்கூறுகளை நுணுகி ஆராய்ந்து, 1975இல் இந்த மெத்தைகளைப் பற்றி எழுதினார். அவற்றைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் நார்கள் வயதாலும் முக்குவதாலும் தளர்கின்றன, மெத்தைகள் கீழே சரிகின்றன, உரசுகின்றன, ரத்தம் கசிகிறது. அந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். மலத்தோடு கலக்காமல் கடைசியில் சொட்டும், சில சமயம் பீய்ச்சியடிக்கும்.

வலி இருக்காது. இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஆசனவாய்க்குள் ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது தோலைப் போன்ற பகுதி, ஊசி குத்தினால் துடிக்கும். மேலே இருப்பது குடலின் உட்சுவர். அங்கே கிள்ளினாலும் வெட்டினாலும் தெரியாது. உள்மூலம் வலிக்காததற்கு அது கோட்டுக்கு மேலே இருப்பதே காரணம். மலக்குடல் புற்றும் தொடக்கத்தில் வலிக்காததற்குக் காரணம் அதே கோடுதான். 'வலி இல்லை, அதனால் பயமில்லை' என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே தலைகீழ். நடைமுறையில் அதிகம் வலிப்பது ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் தோலைக் கிழித்துவிடுகிறது, கண்ணாடித் துண்டால் அறுத்தாற்போல வலிக்கிறது, துடைக்கும்போது ஒரு கோடாக ரத்தம் தெரிகிறது. அந்த வலி மனிதரை மருத்துவரிடம் விரட்டிவிடும். வலிக்காத ரத்தம்தான் வீட்டிலேயே உட்காரவைக்கிறது.

மூலத்துக்கும் வெடிப்புக்கும் நம் ஊரில் முதல் குற்றவாளி 'சூடு'. பிராய்லர் கோழி சூடு, கத்தரிக்காய் சூடு, மிளகாய் சூடு. மிளகாயை மட்டும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில் மூல நோயாளிகளுக்கு மிளகாய்த்தூள் அடைத்த குப்பியும், வேறொரு நாளில் ஒன்றுமில்லாத போலிக் குப்பியும் கொடுத்தார்கள். எதை விழுங்கினோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ரத்தத்திலோ எரிச்சலிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. வெடிப்பு உள்ளவர்களிடம் இந்தியாவில் அதேபோலச் செய்தபோது மிளகாய் வலியையும் எரிச்சலையும் கூட்டியது. ஆக, வெடிப்புக்காரர் காரத்தைக் குறைப்பது நியாயம். உள்மூலத்தின் மேல் மிளகாயைச் சாட்ட ஆதாரம் போதாது. கோழிக்கறி விஷயத்தில் என் ஊகம் இது: கோழி பிரியாணித் தட்டில் கோழியைவிட அதில் இல்லாத கீரையும் காய்கறியும்தான் பெரிய விஷயம்.

அவை தரும் நார்ச்சத்தைப் பற்றிப் பேசினால் டெனிஸ் பர்கிட்டைச் சொல்லாமல் முடியாது. அயர்லாந்தில் பிறந்தவர், சிறுவயதில் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர், அப்படியும் அறுவை மருத்துவரானவர். உகாண்டாவின் கம்பாலாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோயை விவரித்ததால் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஊர் திரும்பிய பிறகு வேறொரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் தினமும் பார்க்கும் மூலமும் குடல்வால் அழற்சியும் பெருங்குடல் புற்றும் உகாண்டாக் கிராமத்தாரிடம் ஏன் இவ்வளவு அரிதாக இருந்தன? எக்ஸ்ரேயில் தெரியும் சிறு குண்டுமணிகளை ஆட்களுக்கு விழுங்கக் கொடுத்தார்கள். அவர்கள் கழித்த மலத்தை உறையில் சேகரித்து, எடைபோட்டு, எக்ஸ்ரே எடுத்து, மணிகள் எத்தனை மணி நேரத்தில் வெளியே வந்தன என்று எண்ணினார்கள். 1972இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பிரிட்டிஷ் கடற்படையினர் நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் மலம் கழித்தார்கள், உணவு வெளியேற மூன்று நாளுக்கு மேல் ஆனது. உகாண்டாக் கிராமத்தார் கழித்தது 400 கிராமுக்கு மேல், ஒன்றரை நாளில். மலத்தை எடைபோடுவது அருவருப்பான வேலை என்று ஒதுக்காத ஒரு மருத்துவரால்தான் நார்ச்சத்து என்ற சொல் இன்று பிஸ்கட் உறைவரை வந்திருக்கிறது.

பர்கிட் சொன்னதெல்லாம் அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் உள்ளவர்களும் மூலம் உள்ளவர்களும் ஒரே கூட்டம்தானா என்று 1990இல் அமெரிக்கப் புள்ளிவிவரங்களை வைத்துப் பார்த்தபோது இரண்டும் பொருந்தி வரவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் மூலம் வருகிறது. கர்ப்ப காலத்திலும் வருகிறது. ஆனால் சிகிச்சையில் நார்ச்சத்தின் இடம் உறுதியானது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், இசப்கோல் போன்ற நார்ப்பொருள் சாப்பிட்ட மூல நோயாளிகளிடம் ரத்தக்கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரிந்தது.

நம் தட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். கொய்யாவிலும் முருங்கைக்கீரையிலும் 8 கிராமுக்கு மேல். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று ஒரு நாளில் 300 கிராம் வெள்ளை அரிசி சாப்பிடுகிறவருக்கு அரிசியிலிருந்து கிடைப்பது 8 கிராம் சொச்சம். மீதியைப் பருப்பும் காயும் கீரையும் பழமும் தர வேண்டும். பொரியல் என்ற பெயரில் தட்டோரம் ஒரு கரண்டி வைத்தால் அது தராது. பெரியப்பா கடையில் கேழ்வரகும் கம்பும் மூட்டையில் இருந்தன. அவர் சாப்பிட்டது கல்லாவில் உட்கார்ந்தபடி அவசரமாகப் பிசைந்த ரசம் சோறு.

பெண்களின் நிலைமை வேறு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களும், பள்ளி ஆசிரியைகளும், பந்தோபஸ்துக்கு நிறுத்தப்படும் பெண் காவலர்களும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் கழிப்பறை தேட வேண்டுமே என்ற பயம். மலம் வரும்போது அடக்கி அடக்கி, பிறகு அந்த உணர்வே மங்கிவிடுகிறது, மலம் இறுகுகிறது, முக்க வேண்டியிருக்கிறது. இதை அவர்களுடைய 'பழக்கவழக்கம்' என்று எழுதுவது அநியாயம். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை பணியிடத்தில் இருந்தால் பாதிப் பழக்கம் தானே மாறும்.

கழிப்பறையில் உட்காரும் நேரமும் ஒரு காரணம். பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையத்துக்குக் குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரிடம் கேட்டு 2025இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் கைப்பேசியோடுதான் உள்ளே போகிறவர்கள். அவர்களிடம் மூலம் இருப்பதற்கான வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காருபவர்கள் அவர்களில் 37 சதவீதம், கைப்பேசி கொண்டுபோகாதவர்களில் 7 சதவீதம் மட்டுமே. 125 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, கைப்பேசிதான் மூலத்தைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காரணம் ஊகிக்கக்கூடியதே. வளையம் போன்ற இருக்கையில் ஆசனவாய்ப் பகுதி தாங்கல் இல்லாமல் தொங்குகிறது, நேரம் ஆக ஆக அந்த மெத்தைகளில் ரத்தம் தேங்குகிறது.

மூலமும் வெடிப்பும் இல்லாத ரத்தமும் நிறைய உண்டு. அமீபாவும் ஷிகெல்லாவும் தரும் ரத்தபேதியில் சளியும் முறுக்கு வலியும் கூட வரும். பெருங்குடல் அழற்சி நோயில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ரத்தமும் சீதமும் போகும், இரவிலும் எழுப்பும். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ மலக்குடலில் ரத்தம் கசியலாம். வெளியேறாத மலத்துக்காகத் தினமும் முக்கி முக்கி, விரலால் எடுத்து, மலக்குடலில் புண் வந்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு வலியில்லாமல் ரத்தம் போனால் பெரும்பாலும் அது சின்னக் காம்புள்ள ஒரு சதைவளர்ச்சி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார் போல ஒட்டும், நாற்றமடிக்கும் கறுப்பு மலம் இரைப்பைப் பக்கத்து ரத்தம், அதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கும். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும், இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். ரத்தம் வந்தால் 'மாத்திரையினால்தான்' என்று விட்டுவிடுகிறோம். டென்மார்க்கில் இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத் தக்கது. கீழ்க்குடலில் ரத்தம் கசிந்தவர்களில், வயதைப் பொறுத்து 4 முதல் 8 சதவீதம் பேருக்கு ஒரே ஆண்டுக்குள் குடல்புற்று கண்டறியப்பட்டது. ஒளிந்திருந்த கட்டியை அந்த மாத்திரை சீக்கிரமாகவே காட்டிக்கொடுத்திருக்கிறது. மாத்திரையை நாமாக நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் இதயமோ மூளையோ பாதிக்கப்படலாம்.

இனிப் புற்று. பெருங்குடல், மலக்குடல் புற்று பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதல்ல. உட்சுவரில் பாலிப் என்ற சிறு சதைவளர்ச்சி தோன்றுகிறது, அவற்றில் சில பத்தாண்டுபோல எடுத்துக்கொண்டு புற்றாகின்றன. இந்தப் பத்தாண்டு நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். உலகில் 2022இல் மட்டும் 19 லட்சம் பேருக்கு மேல் இந்தப் புற்று வந்தது, 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

எது இதைக் கொண்டுவருகிறது? வாழும் மண் மாறினால் நோயும் மாறுகிறது என்பதை அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜப்பானியர்கள் காட்டினார்கள். சொந்த நாட்டில் அரிதாக இருந்த பெருங்குடல் புற்று, போன இடத்தில் வெள்ளையர்களின் அளவை நோக்கி ஏறியது. 1968இல் வெளியான அந்தக் கணக்கு, பரம்பரை ரத்தத்தைவிடச் சமையலறைக்கு வலிமை அதிகம் என்று காட்டியது. 2015இல் ஒரு குழு இன்னும் நேரடியாகச் சோதித்தது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டே வாரத்துக்கு உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்குச் சோளமும் பயறும் நிறைந்த, நாளுக்கு 50 கிராமுக்கு மேல் நார்ச்சத்துள்ள கிராமத்துச் சாப்பாடு. கிராமத்தாருக்குக் கொழுப்பு நிறைந்த பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும். அமெரிக்கர்களின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற பாதுகாப்புப் பொருள் பெருகியது, உட்சுவரின் அழற்சி குறைந்தது. கிராமத்தாருக்கு நேர் எதிராக நடந்தது. குடல் அவ்வளவு விரைவாக உணவுக்குப் பதில் சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சாஸேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்று உண்டாக்குபவை என்ற முதல் வரிசையில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது கணக்கு. 100 பேரில் 18 பேருக்குக் கூடுதலாக வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. 100 பேரில் 5 பேருக்கு வர வேண்டியது ஏறத்தாழ 6 பேருக்கு வரும் என்பதே பொருள். நம்மில் தினசரி சாஸேஜ் சாப்பிடுகிறவர்கள் குறைவு. நமக்குப் பெரியவை வேறு: மது, புகை, தொப்பை, நீரிழிவு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. இவற்றோடு வயதும், நீண்டகாலப் பெருங்குடல் அழற்சியும், குடும்ப வரலாறும் சேர்கின்றன.

குடும்ப வரலாற்றின் கனத்தை ஒரு தையற்காரப் பெண்தான் மருத்துவ உலகுக்கு உணர்த்தினார். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவருக்குத் துணி தைத்துக்கொடுத்த பாலின் கிராஸ், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து சாகிறார்கள், தனக்கும் அதே கதிதான் என்றார். வார்தின் அதைப் பெண்ணின் வீண் பயம் என்று தள்ளவில்லை. பாலினின் உதவியோடு குடும்ப மரத்தை வரைந்து 1913இல் வெளியிட்டார். பாலின் சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். பிறகு ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் தொடர்ந்து ஆராய்ந்ததால் அந்தப் பரம்பரைக் கோளாறுக்கு லிஞ்ச் கூட்டுநோய் என்று பெயர். நம் வீடுகளில் 'தாத்தா வயித்துக் கோளாறுல போனார்' என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும் கதைகளுக்குள் என்ன புற்று இருந்தது என்று கேட்டு வைப்பது பேரப் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உதவி. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால், மற்றவர்கள் பரிசோதனைக்குப் போக வேண்டிய வயது முன்னால் வந்துவிடுகிறது.

'வயசானவங்களுக்கு வர்றது' என்ற எண்ணமும் இன்று தேறாது. அமெரிக்காவில் 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு, 1950 வாக்கில் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைவிட மலக்குடல் புற்றின் அபாயம் நான்கு மடங்கு என்று 2017இல் கணக்கிட்டார்கள். 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் பெருங்குடல் புற்றில் இறந்தபோது வயது 43. அங்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். இந்தியாவில் இந்தப் புற்றின் அளவு மேலை நாடுகளைவிட இன்னும் மிகக் குறைவுதான். ஆனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஓராண்டில் பார்த்த 800 நோயாளிகளின் கணக்கு 2017இல் வெளியானபோது, சராசரி வயது 47 என்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு முக்கியத் தொந்தரவே ஆசனவாய் ரத்தம். நம் மக்கள்தொகையே இளமையானது என்பதும் அந்தச் சராசரிக்கு ஒரு காரணம். அப்படியானாலும், 'இந்த வயசுல புற்று வராது' என்று முப்பதுகளில் இருப்பவரைத் திருப்பி அனுப்ப இனி நியாயமில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 50 வயதுக்குட்பட்ட நோயாளிகள் 5,000 பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளைப் புரட்டிய ஆய்வு 2023இல் வந்தது. நோய் தெரிவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பே நான்கு அறிகுறிகள் தலைகாட்டியிருந்தன: வயிற்றுவலி, ஆசனவாய் ரத்தம், தொடர் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை.

கடைசியாகச் சொன்ன ரத்தசோகைதான் நம் பெண்களிடம் மறைந்துபோகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதனால் ரத்தசோகை என்றாலே மாதவிலக்கு, சரியாகச் சாப்பிடாதது என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புச்சத்து குறைந்தால் குடலில் எங்கோ கசிகிறது என்று சந்தேகிப்பதே மருத்துவ முறை.

இதையெல்லாம் படித்துவிட்டு ரத்தம் பார்த்ததும் புற்று என்று நடுங்கவும் வேண்டாம். இங்கிலாந்தின் எக்ஸிடரில் 40 வயதைக் கடந்தவர்களை வைத்து 2005இல் போட்ட கணக்கில், ஆசனவாய் ரத்தத்தோடு குடும்ப மருத்துவரிடம் வந்த 1,000 பேரில் புற்று இருந்தது ஏறத்தாழ 24 பேருக்கு. மற்ற 976 பேருக்கு மூலமோ வெடிப்போ வேறெதுவோ. சிக்கல் என்னவென்றால், அந்த 24 பேர் யார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மூலம் உள்ளவர், புற்று உள்ளவர் இருவரின் ரத்தமும் சிவப்பு, இருவருக்கும் வலியில்லை, இருவருக்கும் விட்டு விட்டு வருகிறது. ஒருவருக்கே மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே கட்டியும் இருக்கலாம்.

பார்ப்பது எப்படி என்று தெரியாததால்தான் பாதிப் பயம். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி தடவிய விரல் மெல்ல உள்ளே போகும், சுற்றிலும் தடவிப் பார்க்கும். மலம் வந்துவிடுமோ என்று தோன்றும், வராது. விரல் 7, 8 செ.மீ. வரை எட்டும். மலக்குடலின் கீழ்ப்பாதி அதற்குள் அடங்கிவிடுகிறது. பிறகு கட்டைவிரல் பருமனில் ஒரு குழாயை வைத்து விளக்கொளியில் மூல மெத்தைகளைப் பார்ப்பார்கள். அதற்கு மேலே பார்க்க, கேமரா பொருத்திய நெளியும் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வேண்டும். முந்தின நாள் பேதி மருந்துக் கரைசலை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவ வேண்டியதுதான் அதில் கஷ்டமான பகுதி. பரிசோதனை அரைமணி நேரத்தில் பெரும்பாலும் மயக்கத்திலேயே முடிந்துவிடும். வழியில் பாலிப் இருந்தால் கம்பி வளையத்தால் அங்கேயே அறுத்து எடுத்துவிடுவார்கள். அதிலிருந்து வரவிருந்த புற்று அதோடு போயிற்று.

தொந்தரவே இல்லாதவர்களுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் எளிய சோதனை உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், ஆண்டுதோறும் அதைச் செய்துகொண்டவர்களிடம் குடல்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993இல் தெரிந்தது. சிங்கப்பூரில் 50 வயதானவர்களுக்கு இந்தச் சோதனைப் பெட்டியை இலவசமாகவே கொடுக்கிறார்கள், அங்குள்ள தமிழர்களும் வாங்கிச் செய்கிறார்கள். இந்தியாவின் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்று புற்றுகளோடு நிற்கிறது. நம் நாட்டில் குடல்புற்று குறைவு என்பதால் எல்லோருக்கும் சோதனை செய்வது இப்போதைக்கு வீண்செலவு என்ற வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரத்தத்தோடு வந்து நிற்கிறவரை விரல் வைத்துப் பார்க்காமல் மாத்திரை எழுதுவதற்குச் செலவுக் கணக்கு எதுவும் காரணமாகாது. ஒரு ஜோடிக் கையுறையும் ஒரு திரைச்சீலையும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும்.

துத்தியையோ கருணைக்கிழங்கையோ பழிப்பது என் நோக்கம் அல்ல. சித்த மருத்துவ நூல்கள் மூலத்தையே 21 வகையாகப் பிரித்துப் பார்த்தவை. அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்கள் பார்க்காமல் மருந்து கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் எதிர்ப்பது சுவர் விளம்பரத்தை நம்பிப் போகும் இடங்களை. 'ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்' என்று ஏதோ ஒரு திரவத்தை ஏற்றி, ஆசனவாய் சுருங்கிப்போனவர்களும் மலத்தை அடக்கும் சக்தியே போனவர்களும் இருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு முதலில் கதிர்வீச்சு, பிறகு அறுவை. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்ததால் ஆசனவாயையே மூடி, வயிற்றில் நிரந்தரமாகப் பை வைத்தார்கள். கல்லாவில் உட்காரும்போது பை தெரியாமல் துண்டைக் குறுக்கே போட்டுக்கொள்வார். மூன்று வருடம் இருந்தார். குடலோடு நிற்கும் கட்டியைக் கண்டுபிடித்தால் ஐந்தாண்டு பிழைத்திருப்பவர்கள் 100க்கு 90 பேர், ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போன பிறகு கண்டுபிடித்தால் 15 பேர்போல என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். அவருடைய 14 மாதம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே எங்கோ கரைந்துவிட்டது.

மலத்தில் ரத்தம் பார்த்தால் வெட்கப்படாமல் போங்கள். 40 வயதைக் கடந்தவர் என்றாலோ, எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலோ, போய்வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றினாலோ, ரத்தசோகை இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல்புற்று வந்திருந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம். கட்டி கட்டியாக ரத்தம் போய்த் தலை சுற்றினால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த மருத்துவர், எந்த முறை என்பது உங்கள் விருப்பம். அவர் மருந்துச் சீட்டை எடுக்கும்போது மட்டும் தயங்காமல் ஒன்று கேளுங்கள்: 'டாக்டர், எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரல் வச்சுப் பாத்துடுங்க.'